அமெரிக்க உள்நாட்டுப் போர்: எதற்காகத் தொடங்கியது, எதில் போய் முடிந்தது?

1861 மே 23 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. நாட்டிலிருந்து பிரிந்து போவதா, வேண்டாமா? போவது என்று மக்கள் முடிவு செய்தார்கள். மக்கள் என்றால் வெள்ளை ஆண்கள். அன்று இரவு, வாக்குரிமை என்ற பேச்சுக்கே இடமில்லாத மூன்று பேர் ஒரு சிறு படகை எடுத்துக்கொண்டு இருட்டில் கிளம்பினார்கள். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட். மூவரும் அடிமைகள். அவர்களைச் சொத்தாக வைத்திருந்தவர் ஒரு கர்னல். தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலைக்கு அவர்களை அனுப்பியிருந்தார். துடுப்புப் போட்டு எதிர்க்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே வடக்குப் படையின் கையில் மன்றோ கோட்டை இருந்தது.

மறுநாள் வெள்ளைக் கொடி பிடித்தபடி தெற்குப் படை அதிகாரி ஒருவர் கோட்டைக்கு வந்தார். ஓடிப்போன அடிமையைப் பிடித்து உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1850இல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டிருக்கிறது, மூவரையும் கொடுங்கள் என்றார். கோட்டையின் தளபதி பெஞ்சமின் பட்லர். தொழிலால் வழக்கறிஞர். கறுப்பர்கள்மேல் தனி இரக்கம் கொண்டவர் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. முந்தைய ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில், மிசிசிப்பிக்காரரான ஜெஃபர்சன் டேவிஸ்தான் அதிபர் வேட்பாளராக வேண்டும் என்று சுற்றுக்குச் சுற்று விடாமல் வாக்களித்தவர். அந்த டேவிஸ்தான் இப்போது பிரிந்துபோன தெற்கின் அதிபர். ஆனால் பட்லருக்குச் சட்டத்தின் ஓட்டைகள் அத்துப்படி. வர்ஜீனியா வேறு நாடாகிவிட்டது என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு எங்கள் நாட்டுச் சட்டத்தை எந்த முகத்தோடு கேட்கிறீர்கள் என்று மடக்கினார். அடுத்து இன்னொரு பிடி. எதிரி போருக்குப் பயன்படுத்தும் பொருளைப் பறிமுதல் செய்யலாம் என்பது போர் வழக்கம். இந்த மூவரும் பொருள்தான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நல்லது, பறிமுதல் செய்துவிட்டேன்.

மனிதனைப் பொருள் என்று ஒப்புக்கொண்டே அவனைக் காப்பாற்றிய விசித்திரமான வாதம் இது. சேதி பரவியது. அந்த வாரமே குடும்பம் குடும்பமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

"அடிமைகளை விடுவிக்க லிங்கன் நடத்திய போர்" என்று ஒரே வரியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு (நானும் அப்படித்தான் படித்தேன்) இந்தக் காட்சி கொஞ்சம் குழப்பும். அந்த மே மாதத்தில் பட்லரும் சரி, லிங்கனும் சரி, யாரையும் விடுவிப்பதற்காகப் போரில் இறங்கவில்லை. தெற்கு அடிமைமுறையைக் காப்பாற்றப் போரிட்டது. வடக்கு, நாடு உடையாமல் காப்பாற்றப் போரிட்டது. இரண்டும் ஒன்றல்ல. நான்கு ஆண்டுகளில் வடக்கின் நோக்கம் எப்படி நகர்ந்தது என்பதைப் பிடித்துக்கொண்டால் போரின் போக்கு தானாகப் புரிந்துவிடும். தளபதிகளின் பெயர்களையும் தேதிகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பருத்தி என்ற அரசன்

அமெரிக்காவில் அடிமைமுறை மெல்லத் தேய்ந்து மறைந்துவிடும் என்று 1780களில் பலர் நம்பினார்கள். வட மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டுக்கொண்டிருந்தன. அந்த நம்பிக்கையைக் கெடுத்தது ஓர் எந்திரம். 1793இல் எலை விட்னி, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின் எந்திரத்தை உருவாக்கினார். நம் ஊர் ஜின்னிங் மில்லின் பெயரில் இருப்பது அதே சொல்தான். கையால் ஒரு நாள் முழுக்கப் பிரித்தாலும் ஒரு ராத்தல் தேறாத பஞ்சு இப்போது ராத்தல் கணக்கில் குவிந்தது. எந்திரம் வந்தால் ஆள் தேவை குறையும் என்பதுதான் நாம் அறிந்த கதை. இங்கே நேர்மாறாக நடந்தது. பிரிப்பது எளிதானதும் பயிரிடுவது பெருகியது. பயிரிடவும் களை எடுக்கவும் பறிக்கவும் மனிதக் கைகள்தான் வேண்டும். ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, டெக்சஸ் என்று பருத்திக் காடு மேற்கே பரவப் பரவ, அடிமைகளும் விற்கப்பட்டு மேற்கே நடத்திச் செல்லப்பட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களை இறக்குவது 1808இலேயே சட்டப்படி நின்றுபோனது. அதன் பிறகு உள்நாட்டுச் சந்தையில் மட்டும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இப்படி இடம் மாற்றப்பட்டார்கள். தாய் ஒரு மாநிலம், பிள்ளை ஒரு மாநிலம்.

1860 கணக்கெடுப்பில் அமெரிக்காவின் மக்கள்தொகை சுமார் 3 கோடியே 14 லட்சம். அதில் ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகள். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கும் மேல் பருத்தி. இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் போன பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்கத் தெற்கிலிருந்து போனது. சந்தை விலையில் கணக்கிட்டால், நாட்டின் ரயில் பாதைகளையும் தொழிற்சாலைகளையும் சேர்த்தாலும் அந்த 40 லட்சம் மனிதர்களின் "மதிப்பு" அதைவிடக் கூடுதல் என்று பொருளாதார வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய சொத்தை நல்ல வார்த்தை கேட்டு யாரும் விட்டுக்கொடுத்துவிட மாட்டார்கள்.

பிரிந்துபோன மாநிலங்களில் அடிமை வைத்திருந்தவை மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களுக்கும் சற்றுக் குறைவு. மீதிப் பேர் ஏன் துப்பாக்கி தூக்கினார்கள்? சிலருக்கு ஊரைக் காக்க வேண்டும். சிலருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு. பலருக்கு வேறொன்று: எவ்வளவு ஏழையானாலும் எனக்குக் கீழே ஒருத்தன் இருக்கிறான் என்ற நினைப்பு. அந்த நினைப்புக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை நமக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

சண்டை எந்த இடத்தில் மூண்டது?

அடிமைமுறை இருக்கும் மாநிலங்களில் அதை ஒழிப்போம் என்று லிங்கனின் குடியரசுக் கட்சி சொல்லவில்லை. மேற்கே புதிதாக உருவாகும் மாநிலங்களுக்கு அது பரவக் கூடாது என்றுதான் சொன்னது. கேட்பதற்கு மிதமான கோரிக்கை. தெற்குக்கு அது மரண ஓலை. பருத்தி மண்ணை உறிஞ்சிவிடும், புது நிலம் வேண்டும். புது மாநிலங்கள் எல்லாம் அடிமைமுறை இல்லாதவையாகச் சேர்ந்தால், நாடாளுமன்ற மேலவையான செனட்டில் தெற்கின் கை தாழும், நாளை சட்டத்தையே மாற்றிவிடுவார்கள்.

இந்த இழுபறி நாற்பது ஆண்டு நடந்தது. 1820இல் ஒரு சமரசம், 1850இல் இன்னொன்று. 1854இல் கேன்சஸ் பகுதி மக்களே முடிவு செய்யட்டும் என்று விட, இரு தரப்பாரும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கி வெட்டிக்கொண்டார்கள். 1857இல் ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை தொடுத்த வழக்கில், கறுப்பர் எவரும் அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1859இல் ஜான் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் அடிமைகளின் எழுச்சியைத் தூண்ட ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றி, பிடிபட்டு, தூக்கிலேறினார். அவரைப் பிடித்த படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் ராபர்ட் ஈ. லீ. இந்தப் பெயர் திரும்ப வரும்.

1860 நவம்பரில் லிங்கன் வென்றார். மொத்த வாக்கில் 40 விழுக்காடு மட்டுமே. தெற்கின் பெரும்பாலான மாநிலங்களில் வாக்குச்சீட்டிலேயே அவர் பெயர் இல்லை. அப்படியிருந்தும் வென்றார் என்பதுதான் தெற்கை உலுக்கியது. எங்கள் ஓட்டே இல்லாமல் அதிபர் வரமுடியும் என்றால் இனி எங்களுக்கு இங்கே என்ன வேலை? டிசம்பர் 20இல் தென் கரோலினா பிரிந்தது. லிங்கன் பதவியேற்கும் முன்பே ஏழு மாநிலங்கள் பிரிந்து, தனிக் கூட்டமைப்பு அமைத்து, டேவிஸை அதிபராக்கிவிட்டன.

"தெற்கு போரிட்டது மாநில உரிமைக்காக, அடிமைமுறைக்காக அல்ல" என்ற வாதத்தை இன்றும் கேட்கலாம். பிரிந்தவர்கள் எழுதி வைத்ததைப் படித்தால் அந்த வாதம் நிற்காது. எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுவதும் பின்னிப்பிணைந்தது என்று மிசிசிப்பி தன் பிரகடனத்தின் தொடக்கத்திலேயே சொல்கிறது. கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்ற "உண்மை"தான் எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசினார். அதைவிட, மாநில உரிமைமேல் அவ்வளவு பற்று இருந்திருந்தால், ஓடிவந்தவர்களைப் பிடித்துக்கொடுக்க மறுத்த வட மாநிலங்களின் உரிமையை மதித்திருக்க வேண்டும். அங்கே மட்டும் மத்திய அரசின் கை நீள வேண்டும் என்று கேட்டார்கள்.

1861 ஏப்ரல் 12 அதிகாலை. சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் வடக்கின் கையில் எஞ்சியிருந்த சம்டர் கோட்டைமேல் தெற்கின் பீரங்கிகள் முழங்கின. தெற்கின் தளபதி போரெகார்ட், தனக்குப் பீரங்கிப் பாடம் நடத்திய ஆசிரியர்மேல்தான் குண்டு போட்டார். கோட்டைக்குள் இருந்தவர் அவர்தான். முதல் சண்டையில் குண்டடிபட்டு யாரும் சாகவில்லை. லிங்கன் மூன்று மாதச் சேவைக்கு 75,000 பேரைக் கேட்டார். அதைச் சாக்காக வைத்து இன்னும் நான்கு மாநிலங்கள் பிரிந்தன. மொத்தம் பதினொன்று. அடிமைமுறை இருந்தும் பிரியாமல் வடக்கோடு நின்றவை நான்கு: டெலாவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி. இந்த நான்கையும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். லிங்கனின் தூக்கத்தைக் கெடுத்தவை இவைதான்.

வரைபடத்தில் மூன்று இடங்கள்

போரைப் புரிந்துகொள்ள மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். ஒன்று, கிழக்கு. வாஷிங்டனும் தெற்கின் தலைநகர் ரிச்மண்டும் சுமார் 160 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தன. பேர்போன சண்டைகள் பலவும் இந்தச் சின்ன வெளியில் நடந்தவை. இரண்டு, மேற்கு. மிசிசிப்பி ஆறும் அதன் கிளைகளும். பத்திரிகைகள் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தன, போரின் முடிவு மேற்கில் எழுதப்பட்டது. மூன்று, கடல். தெற்கின் துறைமுகங்களை வடக்கின் கப்பல்கள் அடைத்து நின்றன. பருத்தி வெளியே போகாது, துப்பாக்கி உள்ளே வராது.

வடக்கில் எல்லை மாநிலங்களையும் சேர்த்து 2 கோடியே 20 லட்சம் மக்கள். தெற்கில் 90 லட்சம், அதிலும் 35 லட்சம் அடிமைகள். ஆலைகளும் ரயில் பாதைகளும் பெரும்பாலும் வடக்கில். கணக்குப் பார்த்தால் ஒரே ஆண்டில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் வடக்கு அத்தனை பெரிய நிலப்பரப்பைப் பிடித்தாக வேண்டும். தெற்கு தோற்காமல் இருந்தாலே போதும், வடக்கு சலித்துப்போய் விட்டுவிடும். அந்தக் கணக்கு கிட்டத்தட்டப் பலித்தும் இருக்கும்.

1861 ஜூலையில் புல் ரன் ஓடையருகே முதல் பெரிய சண்டை. வாஷிங்டன் பிரமுகர்கள் கூடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனார்கள். மாலையில் தோற்றோடிய சிப்பாய்களோடு சேர்ந்து அவர்களும் ஓடிவந்தார்கள். மூன்று மாதப் போர் என்ற நினைப்பு அன்றே போனது. 1862 ஏப்ரலில் டென்னசியின் ஷைலோவில் இரண்டே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து 23,000 பேருக்கு மேல் செத்தும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள். அங்கே வென்றவர் யுலிசிஸ் கிராண்ட். அதே மாதம் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம் வடக்கின் கைக்கு வந்தது. கிழக்கிலோ வடக்கின் தளபதி மெக்லெலன், படையை அழகாகப் பயிற்றுவித்து அதைச் சண்டைக்கு அனுப்பத் தயங்கிக்கொண்டே இருந்தார். ஜூனில் தெற்கின் படைக்கு லீ தலைமையேற்றதும் மெக்லெலனுக்குப் பின்வாங்கவே நேரம் சரியாக இருந்தது.

இதற்கிடையே படகேறியவர்களின் கதை நிற்கவில்லை. 1862 மே 13 அதிகாலை, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் தெற்குப் படையின் 'பிளான்டர்' கப்பலில் வெள்ளை அதிகாரிகள் இரவு கரைக்குப் போயிருந்தார்கள். சுக்கான் பிடிக்கும் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற 23 வயது அடிமை, கேப்டனின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். மனைவியையும் பிள்ளைகளையும் மற்ற மாலுமிகளின் குடும்பங்களையும் வழியில் ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் அதற்குரிய ஊதல் சமிக்ஞையைச் சரியாகக் கொடுத்தார். சம்டர் கோட்டையையும் அப்படியே தாண்டி, வெள்ளைப் போர்வையைக் கொடியாக ஏற்றி, பீரங்கிகளோடு சேர்த்துக் கப்பலை வடக்கின் கடற்படையிடம் ஒப்படைத்தார். பிற்காலத்தில் அவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். தான் அடிமையாகப் பிறந்த இடத்தில் இருந்த எஜமானரின் வீட்டையே விலைக்கு வாங்கினார்.

ஓர் அறிக்கையும் அது செய்த வேலையும்

வடக்குப் படை எங்கே போனாலும் அடிமைகள் வேலையை விட்டுவிட்டு அதன் பின்னால் வந்தார்கள். தளபதிகளுக்குத் தலைவலி. திருப்பி அனுப்பினால் எதிரிக்கு அகழி வெட்டுவார்கள். வைத்துக்கொண்டால் அடிமைமுறை எதிர்ப்புப் போராகிவிடும், எல்லை மாநிலங்கள் முறுக்கிக்கொள்ளும். மிசௌரியில் ஒரு தளபதி தானாகவே விடுதலை அறிவித்தபோது லிங்கன் அதை ரத்து செய்தார். கென்டக்கி கைவிட்டுப் போனால் ஆட்டம் முடிந்தது என்பது அவர் பயம்.

ஆனால் 1862 கோடைக்குள் லிங்கனின் கணக்கு மாறிவிட்டது. தெற்கின் வெள்ளை ஆண்கள் எல்லாம் போர்முனையில். வயலில் விளைவித்துப் படைக்குச் சோறு போடுவது அடிமைகள். அந்தக் கால் முறிந்தால் தெற்கு நிற்காது. ஜூலை 22 அன்று விடுதலை அறிக்கையின் வரைவை அமைச்சர்களிடம் படித்தார். வெளியுறவு அமைச்சர் சீவர்ட், தோல்விமேல் தோல்வி வரும் நேரத்தில் வெளியிட்டால் பின்வாங்கி ஓடுகிறவனின் கடைசிக் கூப்பாடு போல இருக்கும், ஒரு வெற்றி வரட்டும் என்றார். வரைவு மேசைக்குள் போனது. அதை உள்ளே வைத்துக்கொண்டுதான் ஆகஸ்டில் பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு லிங்கன் அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். என் நோக்கம் ஒன்றியத்தைக் காப்பது, ஓர் அடிமையையும் விடுவிக்காமல் அது முடியும் என்றால் அப்படிச் செய்வேன், எல்லாரையும் விடுவித்தால்தான் முடியும் என்றால் அப்படிச் செய்வேன் என்றார். லிங்கனுக்கு அடிமைகள்மேல் அக்கறையே இல்லை என்று காட்ட இந்தக் கடிதத்தை எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. மேசைக்குள் இருந்த தாளைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. தன் நாட்டு வெள்ளையர்களை அந்தத் தாளுக்குத் தயார்படுத்திக்கொண்டிருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வெற்றி வந்தது, பாதி வெற்றியாக. செப்டம்பரில் லீ மேரிலாந்துக்குள் புகுந்தார். அவருடைய படைத்திட்டத்தின் நகல் ஒன்று, மூன்று சுருட்டைச் சுற்றிய காகிதமாக, ஒரு வயலில் வடக்கின் சிப்பாய்கள் கையில் சிக்கியது. இப்படியொரு அதிர்ஷ்டம் கிடைத்தும் மெக்லெலன் நிதானமாகத்தான் கிளம்பினார். செப்டம்பர் 17, ஆன்டீட்டம் ஓடைக்கரை. ஒரே நாளில் செத்தவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் சுமார் 23,000. அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் இவ்வளவு ரத்தம் வேறெந்தச் சண்டையிலும் சிந்தியதில்லை. லீ பின்வாங்கினார். லிங்கனுக்கு அது போதும். ஐந்து நாள் கழித்து அறிக்கை வெளியானது. 1863 ஜனவரி 1 முதல், கலகம் செய்யும் பகுதிகளில் உள்ள அடிமைகள் எல்லாரும் சுதந்திர மனிதர்கள்.

இந்த அறிக்கையைக் கேலி செய்வது எளிது. வடக்கோடு இருந்த நான்கு அடிமை மாநிலங்களுக்கு இது பொருந்தாது. வடக்கு ஏற்கனவே பிடித்துவிட்ட சில பகுதிகளுக்கும் பொருந்தாது. அதாவது லிங்கனின் சொல் செல்லாத இடத்தில் விடுவித்துவிட்டு, செல்லும் இடத்தில் விட்டுவிட்டார். அப்போதே லண்டனில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தப்பிப்போகும் விஷயங்கள் இரண்டு. இனி வடக்குப் படை முன்னே வைக்கும் ஒவ்வோர் அடியும் விடுதலையின் எல்லையை ஓர் அடி தள்ளும். இன்னொன்று, அறிக்கையில் அமைதியாக ஒரு வரி இருந்தது: விடுதலையானவர்களைப் படையில் சேர்த்துக்கொள்ளலாம்.

பிரிட்டனும் இதற்குப் பிறகு தெற்கை அங்கீகரிப்பது கடினமானது. "பருத்தியே அரசன், பஞ்சு நின்றால் இங்கிலாந்து எங்கள் பக்கம் ஓடிவரும்" என்று தெற்கு நம்பிக்கொண்டிருந்தது. லங்காஷயர் ஆலைகள் மூடி, தொழிலாளர்கள் பட்டினி கிடந்தது உண்மை. ஆனால் இங்கிலாந்து வேறு இடத்தில் பஞ்சைத் தேடியது. பம்பாய்ப் பக்கத்துப் பருத்திக்கு மட்டுமல்ல, நம் திருநெல்வேலி, கோயம்புத்தூர் கரிசல் நிலத்துப் பருத்திக்கும் விலை எகிறியது. தூத்துக்குடியிலிருந்து பொதி பொதியாகக் கப்பலேறியது. எங்கோ அமெரிக்காவில் நடந்த சண்டையில் இங்கே சம்பாதித்தவர்களும் உண்டு. 1865இல் போர் முடிந்து விலை விழுந்தபோது கடனில் மூழ்கியவர்களும் உண்டு.

துப்பாக்கி கைமாறியது

1863 ஜூலையின் முதல் வாரத்தைப் போரின் திருப்பம் என்பார்கள். பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாள் சண்டையில் லீ தோற்றார். இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 50,000 பேர் பலியும் காயமும் சிறையுமானார்கள். மூன்றாம் நாள் சுமார் 12,500 பேரைத் திறந்த வயலில் நேராக நடக்கவிட்டார் லீ. பாதிப்பேர் திரும்பவில்லை. ஜூலை 4 அன்று, 47 நாள் முற்றுகைக்குப் பின் மிசிசிப்பிக் கரையின் விக்ஸ்பர்க் கிராண்டிடம் சரணடைந்தது. சில நாளில் ஆறு முழுவதும் வடக்கின் வசம், தெற்கு இரண்டு துண்டு. புகழ் கெட்டிஸ்பர்க்குக்குப் போனது. எனக்குக் கேட்டால் கனமான அடி விக்ஸ்பர்க்தான்.

அதே ஜூலையில் நியூயார்க்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கட்டாய ஆள்சேர்ப்பு வந்தது. 300 டாலர் கட்டினால் விலக்கு. கட்ட முடியாத ஏழை வெள்ளைத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். கோபம் பணக்காரர்களிடம் தொடங்கிக் கறுப்பர்களிடம் போய் முடிந்தது. கண்ணில் பட்டவர்களை விளக்குக் கம்பத்தில் தூக்கிலிட்டார்கள், கறுப்பு அனாதைக் குழந்தைகளின் இல்லத்தைக் கொளுத்தினார்கள். தெற்கிலும் கதை அதேதான். இருபது அடிமைகள் இருக்கும் பண்ணையில் ஒரு வெள்ளையருக்குப் படைவிலக்கு என்று சட்டம் வந்தபோது, பணக்காரன் தொடுத்த போர், ஏழை போடும் சண்டை என்று சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள்.

நியூயார்க் கலவரம் அடங்கி இரண்டு நாள். தென் கரோலினாவின் வாக்னர் கோட்டைமேல் 54ஆம் மாசச்சூசெட்ஸ் படைப்பிரிவு பாய்ந்தது. சிப்பாய்கள் எல்லாரும் கறுப்பர்கள். கோட்டை விழவில்லை. ஆனால் "இவர்கள் நின்று சண்டை போடுவார்களா" என்ற கேள்வி அன்றோடு செத்தது. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு 10, அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். குறைந்த கூலியை வாங்க மாட்டோம் என்று ஒரு காசும் வாங்காமல் போரிட்டார்கள் அந்தப் படைப்பிரிவினர். 1864இல் தான் சமச் சம்பளம் வந்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கறுப்பர்கள் வடக்கின் தரைப்படையில் சேர்ந்திருந்தார்கள், பத்தில் ஒருவர். பெரும்பாலோர் முன்னாள் அடிமைகள். பிடிபட்டால் அவர்களைப் போர்க்கைதியாக நடத்த மாட்டோம் என்றது தெற்கு. 1864 ஏப்ரலில் டென்னசியின் பில்லோ கோட்டையில் சரணடைந்த கறுப்புச் சிப்பாய்களை வெட்டிச் சாய்த்தார்கள்.

கடைசி ஆண்டு

1864 மார்ச்சில் கிராண்ட் வடக்கின் எல்லாப் படைகளுக்கும் தலைமையேற்றார். முந்தைய தளபதிகள் ஒரு சண்டை முடிந்ததும் திரும்பிப் போய்விடுவார்கள். கிராண்ட் தோற்றாலும் தெற்கு நோக்கியே நகர்ந்தார். மே, ஜூன் மாதங்களில் வர்ஜீனியாவில் அவர் கொடுத்த விலை பயங்கரம். பின்னர் பீட்டர்ஸ்பர்க் நகரின் முன் பதுங்குகுழி வெட்டி ஒன்பது மாதத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். வடக்கு மெய்யாகவே சலித்துவிட்டது. ஆகஸ்டில் லிங்கன், தான் தேர்தலில் தோற்பதற்கே வாய்ப்பு மிக அதிகம் என்று ஒரு தாளில் எழுதி, மடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமலே அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கிவைத்தார். எதிர்த்து நின்றவர் அதே மெக்லெலன்.

செப்டம்பர் 2 அன்று வடக்கின் தளபதி ஷெர்மன் ஜார்ஜியாவின் அட்லான்டா நகரைப் பிடித்தார், செய்தி வந்தது. தேர்தல் திரும்பிவிட்டது. லிங்கன் வென்றார். நவம்பரில் ஷெர்மன் 60,000 பேருடன் அட்லான்டாவிலிருந்து கடலை நோக்கி நடந்தார். வழியில் களஞ்சியங்களையும் ஜின்களையும் எரித்து, தண்டவாளத்தைச் சூடாக்கி மரத்தில் சுற்றிவிட்டுப் போனார். டிசம்பரில் சவானாவை, சுமார் 25,000 பொதி பருத்தியோடு சேர்த்து, லிங்கனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தந்தி அடித்தார். மூலைக்கல் உரை நிகழ்ந்த அதே சவானா.

தந்தியில் இல்லாத ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான முன்னாள் அடிமைகள் அந்தப் படையின் பின்னால் நடந்துவந்தார்கள். டிசம்பர் 9 அன்று எபினேசர் ஓடையில் படை கடந்து முடிந்ததும், பின்னால் வருகிறவர்கள் சுமை என்று மிதவைப் பாலத்தைச் சுருட்டி எடுத்துவிட்டார் வடக்கின் தளபதி ஒருவர். பின்னால் தெற்கின் குதிரைப்படை. தண்ணீரில் குதித்தவர்களில் பலர் கரையேறவில்லை. அந்தத் தளபதியின் பெயரும் ஜெஃபர்சன் டேவிஸ்தான். வெறும் பெயர் ஒற்றுமை. விவகாரம் வாஷிங்டன் வரை போனது. ஜனவரியில் ஷெர்மனும் போர் அமைச்சர் ஸ்டான்டனும் சவானாவில் இருபது கறுப்புப் போதகர்களை அழைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். நிலம் என்றார்கள். சில நாளில், கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க ஷெர்மன் ஆணையிட்டார். அதே ஆண்டில் அடுத்த அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதை ரத்து செய்து நிலத்தைப் பழைய எஜமானர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1865 மார்ச்சில், ஆள் பற்றாமல், தெற்கின் அரசே அடிமைகளைப் படையில் சேர்க்கச் சட்டம் இயற்றியது. அடிமைகள் நல்ல சிப்பாய்களாவார்கள் என்றால் அடிமைமுறை பற்றிய நம் கோட்பாடே தப்பு என்று தெற்கின் தலைவர் ஹவல் காப் அதற்கு முன்பே எச்சரித்திருந்தார். வேறு யாரும் அவ்வளவு நேர்மையாகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 3 அன்று ரிச்மண்ட் விழுந்தது. முதலில் நுழைந்த படைகளில் கறுப்புப் படைப்பிரிவுகளும் இருந்தன. 9ஆம் தேதி ஆப்பமாட்டக்ஸ் என்ற சிற்றூரில் லீ சரணடைந்தார். வீட்டுக்குப் போகலாம், உழவுக்குக் குதிரையை வைத்துக்கொள்ளலாம் என்று கிராண்ட் விட்டுவிட்டார். 11ஆம் தேதி லிங்கன் பேசிய பேச்சில், படையில் பணிபுரிந்த கறுப்பர்களுக்காவது வாக்குரிமை தரலாம் என்றார். கூட்டத்தில் நின்று கேட்ட ஜான் வில்க்ஸ் பூத் என்ற நடிகர், மூன்றாம் நாள் நாடகக் கொட்டகையில் அவரைச் சுட்டார்.

போரில் இறந்தவர்கள் 6,20,000 என்பது பழைய கணக்கு. புதிய ஆய்வுகள் 7,50,000 வரை போகின்றன. மூன்றில் இரண்டு பங்கு குண்டால் அல்ல, வயிற்றுப்போக்காலும் டைஃபாய்டாலும் மற்ற நோய்களாலும். டெக்சஸின் கால்வெஸ்டனில் இருந்தவர்களுக்கு விடுதலைச் செய்தி படையோடு வந்து சேர்ந்தது ஜூன் 19 அன்று. அந்த நாளைத்தான் 'ஜூன்டீன்த்' என்று கொண்டாடுகிறார்கள். அடிமைமுறையை நாடு முழுதும் ஒழித்த 13ஆம் அரசியல் சட்டத் திருத்தம் டிசம்பர் 6 அன்று நிறைவேறியது. கடைசி வரை வடக்கோடு நின்ற கென்டக்கியிலும் டெலாவேரிலும் எஞ்சியிருந்த அடிமைகள் அன்றுதான் விடுதலையானார்கள். அதன் பிறகு கிடைத்த வாக்குரிமையும், அது 1877க்குப் பின் பறிக்கப்பட்ட விதமும் தனிக் கதை.

தப்பியோடிய டேவிஸை மே 10 அன்று ஜார்ஜியாவில் பிடித்தார்கள். சில நாள் கழித்துக் கப்பலில் கொண்டுவந்து அடைத்த இடம் மன்றோ கோட்டை. இரண்டு ஆண்டு அங்கே இருந்தார். கோட்டைக்கு வெளியே இருந்த ஹாம்ப்டன் ஊரை, ஓடிவரும் அடிமைகளுக்கு ஒதுங்க இடம் கிடைத்துவிடும் என்று 1861இலேயே தெற்குப் படை கொளுத்தியிருந்தது. எரிந்து நின்ற சுவர்களின்மேல் பலகை அடித்து, படகிலும் நடையிலும் வந்தவர்கள் அங்கே தெருத்தெருவாக வீடு கட்டியிருந்தார்கள்.